‘ஷிஃப்டட்’ என்று எழுதிவிட்டால்? தங்கவயல் வாக்காளர் கற்க வேண்டிய தேர்தல் ஆங்கிலம்

வாக்குப்பதிவு நாளன்று கோலார் தங்கவயலின் வாக்குச்சாவடிகளில் இருட்டோடு வேலை தொடங்கிவிடுகிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப்ஸ், மாரிக்குப்பம் என்று ஊரின் எல்லாப் பகுதிகளிலும் வகுப்பறை பெஞ்சுகள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ‘மாக் போல்’. கட்சி ஏஜென்ட்டுகளின் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி ஓட்டுகள் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் பொத்தான்களில் இருக்கும் சொற்கள் ‘க்ளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘க்ளியர்’. மாதிரி ஓட்டுகள் உண்மையான ஓட்டோடு கலந்துவிடாமல் இருப்பதற்கு இந்த மூன்றையும் இதே வரிசையில் அழுத்தியாக வேண்டும். ‘க்ளியர்’ அழுத்தப்பட்டதா, கணக்கு சுழியத்துக்கு வந்ததா என்று பார்த்த பிறகே ஏஜென்ட் கையெழுத்திட வேண்டும்.

ஏழு மணிக்கு வரிசை நகர்கிறது. முதல் அதிகாரி வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிக்கிறார். இரண்டாமவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். மூன்றாமவர் ‘பேலட்’ பொத்தானை அழுத்துகிறார். அவர் முன்னே சிவப்பில் ‘பிஸி’ விளக்கு எரிகிறது. மறைவிடத்தில் வாக்காளர் முன்னே பச்சையில் ‘ரெடி’ எரிகிறது. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழுகிறது. நீண்ட ‘பீப்’.

அதிகாரி கன்னடத்தில் கேட்கிறார். வரிசையில் நிற்பவர் தமிழில் பதில் சொல்கிறார். இயந்திரத்திலும் படிவத்திலும் இருப்பது ஆங்கிலம். கர்நாடகத்துக்குள் இருக்கும் இந்தத் தமிழ் ஊரில் ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் மூன்று மொழிகளைக் கடக்கிறார். தேர்தல் ஆங்கிலம் என்றதும் பள்ளிக்கூடம் கற்றுத்தருவது ‘டெமாக்ரசி’, ‘ரிபப்ளிக்’, ‘ஃப்ரான்சைஸ்’ போன்ற பெரிய சொற்களை. அவை தெரியாததால் ஒருவருடைய ஓட்டும் பறிபோவதில்லை. ஓட்டைப் பறிப்பதும் காப்பதும் ‘ஷிஃப்டட்’, ‘அப்ஜெக்ஷன்’, ‘ஹியரிங்’, ‘டெண்டர்டு’ போன்ற அலுவலகச் சொற்கள். முதலில் படிக்க வேண்டியவை அவைதான்.

சுரங்கத்தின் ஆங்கிலம்

தங்கவயலுக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களைக் கையில் எடுத்தபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் எழுத்தறியும் முன்பே ‘ஷாஃப்ட்’, ‘கேஜ்’, ‘ஷிப்ட்’, ‘லைன்’ என்ற சொற்களைக் காதால் கற்றார்கள். உயிரைக் காக்கும் சொற்கள் என்பதால் அவை சீக்கிரம் பதிந்தன. படிக்கத் தெரியாத காகிதத்தில் விரல் பதிக்க வேண்டியிருந்தபோது அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை: 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1881இலேயே பிரதிநிதிகள் சபை வந்துவிட்டாலும் சொத்தும் வரியும் உள்ளவர்களே அதற்கு உரியவர்கள். 1951–52 பொதுத்தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்த பிறகு, தங்கவயலின் அரசியல் கர்நாடகத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து தனித்து நின்றது. கம்யூனிஸ்டுகளும் இந்தியக் குடியரசுக் கட்சியினரும் இங்கே வென்றார்கள். 1983இல் அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலம் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இங்கிருந்து போனார். 1989, 1999 தேர்தல்களிலும் அவரே வென்றார். இடையில் 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணி, 1994இல் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன். 2004இல் மீண்டும் ராஜேந்திரன். 2008இலும் 2013இலும் பா.ஜ.க.; 2018இலும் 2023இலும் காங்கிரஸின் எம். ரூபகலா.

சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001இல் மூடப்பட்டது. அதன்பின் ஊரின் வாழ்க்கை ரயிலைச் சார்ந்து நிற்கிறது. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூருக்கு விடிகாலையில் ஆட்களைக் கொண்டுபோய் இரவில் திரும்பக் கொண்டுவருகிறது. வாக்காளர் பட்டியலின் ஆங்கிலம் இந்த ஊரை உரசுவது இந்த ரயில் பாதையில்தான்.

இருப்பவர் யார், போனவர் யார்

வாக்காளர் ஆவதற்கு 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது: வயது 18, அந்தத் தொகுதியில் ‘ஆர்டினரிலி ரெசிடென்ட்’ ஆக இருப்பது, அதாவது வழக்கமாக அங்கே வசிப்பது. இந்த இரண்டாவது சொல்லை அதே சட்டம் இரண்டு பக்கமும் விளக்குகிறது. வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ தற்காலிகமாக ஊரில் இல்லாமல் இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிக்காதவர் ஆகிவிட மாட்டார். அதேபோல ஒரு வீடு சொந்தமாக இருப்பதாலோ, சாவி கையில் இருப்பதாலோ மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிடவும் மாட்டார்.

தங்கவயலில் இந்த இரண்டு வாக்கியங்களும் வீட்டுக்கு வீடு வேலை செய்கின்றன. தினமும் பெங்களூர் போய் இரவு வீடு திரும்புகிறவரின் ஓட்டு தங்கவயலில்தான். அதில் ஐயமே இல்லை. வாரம் முழுக்கக் கட்டட வேலைத்தளத்தில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவரும் குடும்பம் இங்கேயே இருக்கும்வரை தற்காலிகமாக வெளியே இருப்பவர்தான். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, சமையல் எரிவாயு இணைப்பு எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டு, சுரங்கக் குடியிருப்பான லைன் வீட்டுக்குப் பூட்டு மட்டும் தொங்குகிறது என்றால் கதை வேறு. அவர் புது முகவரியில்தான் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டுவரை சிறைகூட உண்டு.

கம்பெனி லைன்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: ‘வீடு நம் பெயரில் இல்லையே, ஓட்டு தருவார்களா?’ சட்டம் கேட்பது வசிப்பை, பட்டாவை அல்ல. வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தனியே நடக்கட்டும். முகவரிச் சான்றாக ஆதார், வங்கி அல்லது தபால் அலுவலகப் பாஸ்புக், மின் அல்லது தண்ணீர் ரசீது போன்றவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லாதவர் விஷயத்தில் அதிகாரி நேரில் வந்து பார்த்து உறுதி செய்யலாம்.

அந்த அதிகாரிதான் ‘பி.எல்.ஓ.’. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒருவர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் போன்ற அரசுப் பணியாளர். இந்த மூன்றெழுத்து ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மேலே ‘இ.ஆர்.ஓ.’ என்று ஒருவர் இருப்பது பலருக்குத் தெரியாது. பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்த வாக்காளர் பதிவு அதிகாரியின் உத்தரவால்தான் நடக்கும். பி.எல்.ஓ. வீடு வீடாக வரும்போது கதவு பூட்டியிருந்து, பக்கத்து வீட்டில் கேட்டால் ‘பெங்களூர் போயிட்டாங்க’ என்று பதில் வருகிறது. காலை ரயிலுக்குப் போனதைச் சொன்னாரா, குடிபெயர்ந்ததைச் சொன்னாரா? குறிப்பேட்டில் ‘ஷிஃப்டட்’ என்று விழுந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பதில் சொல்லும் அண்டை வீட்டார் ‘வேலைக்குப் போயிருக்காங்க, ராத்திரி வருவாங்க’ என்று முழுதாகச் சொல்வது ஒரு குடும்பத்தின் ஓட்டுகளைக் காக்கும்.

பெட்டிச் செய்தி: எந்தப் படிவம் எதற்கு?

படிவம் 6: முதன்முறையாகப் பெயர் சேர்க்க. 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இந்த நாட்களில் ஒன்றில் 18 வயது நிரம்பினால் போதும். அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

படிவம் 7: ஒரு பெயரைச் சேர்க்க ஆட்சேபம் தெரிவிக்க, அல்லது இருக்கும் பெயரை நீக்கக் கோர. இதன் தலைப்பில் வரும் ‘அப்ஜெக்ஷன்’, ‘டெலீஷன்’ என்ற இரண்டு சொற்களைப் படிக்காமல் இந்தப் படிவத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

படிவம் 8: முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு. நான்குக்கும் இது ஒன்றே. வீடு மாறியவர் படிவம் 6 நிரப்பினால் இரட்டைப் பதிவு உண்டாகும்.

நாடு முழுவதுக்கும் உதவி எண்: 1950.

‘நோட்டீஸ்’ வந்தால் என்ன செய்வது

ஒருவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று சொல்லிப் பெயரை நீக்குவதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. அந்த வாய்ப்புக்குப் பெயர் ‘ஹியரிங்’. அதற்கு வரும் கடிதம் ‘நோட்டீஸ்’. கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத வீட்டில் அந்தக் காகிதம் மின் ரசீதுகளோடு சேர்ந்து கிடந்துவிடும் அபாயம் பெரிது. தேதி தவறினால் எதிர்த்தரப்பு சொன்னதே உண்மையாகிவிடும். பெயர் நீக்கப்பட்டாலும் கதை முடிவதில்லை. ‘அப்பீல்’ உண்டு: முதலில் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம், அங்கும் தோற்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

படிவம் 7 தவறான கைகளில் என்ன செய்யும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று இருக்கிறது. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் கலபுரகி மாவட்டம் ஆலந்த் தொகுதியில் பெயர்களை நீக்கச் சொல்லி இணையவழியே 6,018 விண்ணப்பங்கள் குவிந்தன. நேரில் விசாரித்ததில் 24 மட்டுமே சரியானவை. 5,994 தவறானவை என்று நிராகரிக்கப்பட்டன. விசாரித்ததால் அந்த வாக்காளர்கள் தப்பினார்கள்.

தமிழ்நாட்டிலிருக்கும் உறவினர்கள் வழியாகத் தங்கவயலுக்கு இப்போது இன்னொரு சொல்லும் வந்திருக்கிறது: ‘எஸ்.ஐ.ஆர்.’. 2025இல் பீகாரில் தொடங்கிய இந்தச் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் உத்தரவிட்டது. நவம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்தது. டிசம்பரில் வெளியான வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தக் கட்டத்தில் கர்நாடகம் இல்லை. காரணப் பட்டியலில் வரும் சொற்கள் எங்கும் ஒன்றே: இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிந்தவர், தேடியும் கிடைக்காதவர். பாதி ஊர் பகலில் பெங்களூரில் இருக்கும் தங்கவயல் இவற்றை முன்கூட்டியே படித்துவைப்பது நல்லது.

‘ட்ராஃப்ட்’ என்றால் திருத்த இன்னும் காலம் இருக்கிறது. ‘ஃபைனல்’ என்றால் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இறுதிப் பட்டியலுக்குப் பிறகும் தொடர் திருத்தத்தில் பெயர் சேர்க்கலாம். உண்மையில் கதவு அடைபடுவது வேட்புமனு தாக்கலின் கடைசி நாளில். அதற்குப் பிறகு தேர்தல் முடியும்வரை பட்டியலில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம்.

மூன்று எழுத்தில் ஒரு பெயர்

அன்பழகன் என்ற பெயரை இன்றைய கன்னட எழுத்தில் அப்படியே எழுத வழியில்லை. ‘ழ’ அங்கே வழக்கொழிந்துவிட்டது. கன்னடப் பட்டியலில் ‘ள’ போட்டு எழுதப்படும் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு வடிவம் பெறும். ஆதாரில் வேறொன்று இருக்கும். தமிழர்களின் தலைப்பெழுத்து கன்னட முறையில் பெயருக்குப் பின்னால் போகலாம், முழுச்சொல்லாக விரியலாம். திருமணமான பெண்ணுக்கு ‘ரிலேஷன்’ என்ற கட்டத்தில் தந்தை பெயரா கணவர் பெயரா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறும்.

முதல் பொதுத்தேர்தலிலேயே பெயர் பெரிய சிக்கலாக இருந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்க வேண்டியிருந்தது. இன்று பெயரைச் சொல்லத் தயக்கமில்லை, எழுத்துத்தான் இடறுகிறது. எழுத்துப் பிழை சிறியதாக இருந்து ஆள் இன்னார்தான் என்று தெரிந்தால் ஓட்டுப் போட விட வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுரை. ‘ஸ்பெல்லிங் மிஸ்டேக்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் தலைமை அதிகாரியிடம் இதை எடுத்துச் சொல்லலாம். இருந்தாலும் படிவம் 8 கொடுத்து முன்பே திருத்திக்கொள்வது நிம்மதி.

மேலும் இரண்டு சொற்களை ஊரே கலந்து பேசுகிறது. ‘ஓட்டர் ஐ.டி.’ அடையாள அட்டை. அதை ‘எபிக்’ என்றும் சொல்வார்கள். ‘பூத் ஸ்லிப்’ சாவடியையும் வரிசை எண்ணையும் சொல்லும் துண்டுச்சீட்டு. 2019 முதல் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் போன்ற மாற்று ஆவணம் போதும். ‘கார்டு இருக்கே’ என்று பட்டியலைப் பார்க்காமல் இருந்துவிட்டு, வாக்குப்பதிவு நாளில் ஏமாந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள்.

சாவடிக்குள் வாய் திறக்க வேண்டிய நேரம்

வரிசையில் நின்று மேசைக்குப் போனதும் ‘ஏ.எஸ்.டி. லிஸ்ட்டில் இருக்கிறீர்கள்’ என்ற பதில் வரலாம். ஆப்சென்ட், ஷிஃப்டட், டெட் என்பதன் முதலெழுத்துகள் அவை. இதைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் பெரிய இழப்பு. ஏ.எஸ்.டி. என்பது நீக்கம் அல்ல. பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, ஆளை நன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்று பொருள். அடையாள ஆவணம் காட்டி, கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் கொடுத்துவிட்டு ஓட்டுப் போடலாம்.

‘உங்கள் ஓட்டை ஏற்கனவே போட்டாகிவிட்டது’ என்றால் கேட்க வேண்டிய சொல் ‘டெண்டர்டு வோட்’. தான்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அதிகாரிக்கு நிரூபித்தால் அச்சிட்ட ஓட்டுச்சீட்டு தர வேண்டும். அது இயந்திரத்தில் சேராது. தனி உறையில் வைத்து முத்திரையிடப்படும். சாதாரண எண்ணிக்கையில் அதை எண்ணமாட்டார்கள். வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால் அந்த உறை திறக்கும். அதனால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 2004இல் இதே மாநிலத்தில் சந்தேமரஹள்ளி தொகுதியின் வெற்றி தோல்வியை ஒரே ஓட்டு தீர்மானித்தது.

‘சேலஞ்ச்டு வோட்’ அதற்கு மறுபக்கம். வந்திருப்பவர் ஆள்மாறாட்டக்காரர் என்று ஏஜென்ட் சந்தேகித்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அதிகாரி அங்கேயே விசாரித்து முடிவு செய்வார். அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் தெரிந்தது வேறு என்று வாக்காளர் சொன்னால் அதற்கு ‘டெஸ்ட் வோட்’. எழுத்தில் உறுதிமொழி கொடுத்த பிறகே நடக்கும், பொய்யென்று தெரிந்தால் தண்டனை உண்டு.

‘கம்பானியன்’ என்ற சொல்லில் ஒரு வலி இருக்கிறது. பார்வையற்றவரும் உடல் இயலாதவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணை. எழுத்துத் தெரியாததை இதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தமிழ் மூதாட்டி மறைவிடத்துக்குள் தனியாகத்தான் போக வேண்டும். சின்னமும், 2015 முதல் இயந்திரத்தில் இடம்பெறும் வேட்பாளர் புகைப்படமும் அவருக்குக் கை கொடுக்கின்றன. ‘யாருக்கும் இல்லை’ என்பதற்கான ‘நோட்டா’ 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கும் தனிச்சின்னம் உண்டு.

ரயில் ஊருக்கு முக்கியமான சொல் ‘க்யூ’. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி எண்ணிட்ட சீட்டு தரப்படும். அதை வாங்கியவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம். ‘பெய்டு ஹாலிடே’ இன்னொன்று: ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும்; தினக்கூலிக்கும் இது பொருந்தும். 2024 ஏப்ரல் 26இல் கோலாரும் பெங்களூர்த் தொகுதிகளும் ஒரே நாளில் வாக்களித்ததால் சிக்கலில்லை. வாக்குப்பதிவு நாட்கள் வேறுபடும்போது இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது உதவும்.

தனித்தொகுதியின் சொற்கள்

தங்கவயல் சட்டமன்றத் தொகுதியும் கோலார் மக்களவைத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. ‘ரிசர்வ்டு’ என்ற சொல் வேட்பாளருக்கு மட்டுமே. ஓட்டுப் போடுவது தொகுதியில் உள்ள எல்லோரும். இதில் தமிழர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மக்களவையின் தனித்தொகுதியில் எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரும் நிற்கலாம். சட்டமன்றத்தில் அந்த மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே நிற்க முடியும். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழோடு கர்நாடகச் சட்டமன்றத்தின் தனித்தொகுதிக்கு மனுப் போட முடியாது.

‘நாமினேஷன்’ என்றால் மனு தாக்கல், ‘ஸ்க்ரூட்டினி’ பரிசீலனை, ‘வித்டிராயல்’ வாபஸ். ‘டெபாசிட்’ சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்குப் பாதி. ஆகவே தங்கவயலில் நிற்கும் எல்லோரும் கட்டுவது 5,000. செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் அது போய்விடும். சொத்தும் வழக்குகளும் எழுதிய ‘அஃபிடவிட்’ பொதுப்பார்வைக்கு வைக்கப்படும். ‘பெண்டிங் கேசஸ்’, ‘அசெட்ஸ்’, ‘லயபிலிட்டீஸ்’ என்ற மூன்று தலைப்புகளை மட்டும் படிக்கத் தெரிந்தாலே வேட்பாளரைப் பற்றி மேடைப் பேச்சைவிட அதிகம் தெரியும்.

மொழி கலந்த ஊருக்கு அவசியமான சொல் ‘கரப்ட் ப்ராக்டிஸ்’. லஞ்சம் மட்டும் அதில் வருவதில்லை. வேட்பாளரின் மொழியையோ வாக்காளரின் மொழியையோ காட்டி ஓட்டு கேட்பதும் அதற்குள் வரும் என்று 2017 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகும்.

பெட்டிச் செய்தி: விரல் மை

இந்தியத் தேர்தல்களில் வைக்கப்படும் அழியாத மை கர்நாடகத்தில்தான் தயாராகிறது. 1937இல் தொடங்கப்பட்ட இன்றைய மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் 1962 தேர்தல் முதல் அதை வழங்குகிறது. மையில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுக்கிறது.

எங்கே, எப்படிக் கற்பது

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் இந்த ஆங்கிலம் வராது. படிவத்தையே பாடப் புத்தகமாக வைத்துக்கொள்வதுதான் வழி. படிவம் 6, 7, 8 மூன்றையும் ஆங்கிலத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன எழுத வேண்டும் என்று தமிழில் பேசிப் பழகினால் ஒரு மாலையில் முக்கால்வாசி வந்துவிடும். அடுத்து, தன் தெருவின் வாக்காளர் பட்டியல். ‘பார்ட் நம்பர்’, ‘சீரியல் நம்பர்’, ‘ஹவுஸ் நம்பர்’ மூன்றையும் தெரிந்த முகங்களின் பெயர்களோடு பார்த்தால் மறக்காது. பிறகு நடித்துப் பார்ப்பது: ஒருவர் தலைமை அதிகாரி, ஒருவர் ஏஜென்ட், ஒருவர் வாக்காளர். ‘டெண்டர்டு வோட் கொடுங்கள்’ என்று ஒருமுறை உரக்கச் சொன்னவருக்கு சாவடியில் நாக்கு ஒட்டாது.

பள்ளிகளில் ‘எலக்டோரல் லிட்டரசி க்ளப்’ என்ற தேர்தல் எழுத்தறிவு மன்றங்கள் உண்டு. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். அந்த நாளில் உறுதிமொழி எடுப்பதோடு நிற்காமல் படிவம் 7ஐ வகுப்பில் படித்தால் பிள்ளைகள் வழியே சொற்கள் வீட்டுக்கு வரும். கன்னடமும் கூடவே வேண்டும். சுனாவணெ என்றால் தேர்தல், மததார என்றால் வாக்காளர், மதகட்டெ என்றால் வாக்குச்சாவடி. பள்ளியில் கன்னடம் படித்த பேரப்பிள்ளைகள் இவற்றைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம். அதிகாரியோடு பேசக் கன்னடம், படிவத்தை எதிர்கொள்ள ஆங்கிலம், வீட்டில் கலந்துபேசத் தமிழ் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தங்கவயல் வாக்காளர் முழுமையாகத் தயார்.

எண்ணிக்கை நாளும் அதற்குப் பின்னும்

‘ரவுண்ட்’, ‘லீட்’, ‘மார்ஜின்’ ஆகியவை தொலைக்காட்சியே கற்றுத்தந்தவை. ‘மெஜாரிட்டி’யில் மட்டும் கவனம் தேவை. நம் செய்தித்தாள்கள் அதை வித்தியாச ஓட்டு என்ற பொருளில் எழுதுகின்றன. வெல்வதற்குப் பாதிக்கு மேல் ஓட்டுத் தேவையில்லை. மற்றவர்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். மூன்று, நான்கு முனைப் போட்டிகளைப் பார்த்த தங்கவயலுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் ஏஜென்ட்டாக உட்காரும் இளைஞர் எவரும் மறக்கக் கூடாத ஒன்று ‘17-சி’. வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டுகளை எழுதித் தலைமை அதிகாரி கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்குத் தரும் கணக்கு அது. எண்ணும் மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தமும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். நகலை வாங்காமல் ஏஜென்ட் வீட்டுக்குப் போனால் எண்ணும் நாளில் கேள்வி கேட்க அவர் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

முடிவை எதிர்க்கும் வழிக்கு ‘எலெக்ஷன் பெட்டிஷன்’ என்று பெயர். வெற்றி அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தொகுதியின் சாதாரண வாக்காளரும் போடலாம். கோலார் மாவட்டத்தின் மாலூர் தொகுதியில் 2023இல் காங்கிரஸின் கே.ஒய். நஞ்சேகவுடா 248 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதை எதிர்த்து பா.ஜ.க. வேட்பாளர் கே.எஸ். மஞ்சுநாத் கவுடா தொடுத்தது அப்படிப்பட்ட வழக்கு. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அந்த வெற்றியை ரத்து செய்து மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து உத்தரவை நிறுத்திவைத்தது. மறு எண்ணிக்கையை நடத்தி, முடிவை மூடிய உறையில் தன்னிடம் தரச் சொன்னது.